ஐந்தாவது ஆள்

வைகுண்டராஜ் பெங்களூரிலிருந்து வரும்போது வீட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். கேரவனாம். சினிமா நடிகர்கள் உள்ளே உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொள்வார்களே, அந்த ரக வண்டி. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், டிவி, கக்கூஸ் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள் அடக்கம். சோழபுரத்தில் அவன் அக்காள் மாரிச்செல்வி குடியிருக்கும் தெருவுக்குள் அது நுழையவில்லை. தெருமுக்கில் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. குடத்தோடு வந்த பெண்கள் வந்த வேலையை மறந்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மாரிச்செல்வியும் ஒரு சுற்று வந்து பார்த்தாள். பால் வெள்ளை வண்டி. பின்பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, பனிமலை ஒன்றும் அதன் பக்கத்திலேயே தென்னை மரம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். பனியில் எந்த ஊரில் தென்னை காய்க்கிறது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

அடக்குவது அவளுக்குப் பழகாத வேலை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் திரி மாட்டுகிறாள். அங்கே அவள் வாய்க்குப் பயந்து போர்மேன் ஆண்டிச்சாமியே ஒரு ஷெட்டு சுற்றிக்கொண்டு போவார். ஆனால் அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாயைத் தைத்துப் போட்டுக்கொள்வது என்று விடியும்போதே முடிவு செய்திருந்தாள். எல்லாம் மகளுக்காக.

மகள் சிவரஞ்சனி பிளஸ் டூவில் ஐந்நூற்று அறுபத்தொன்று வாங்கியிருந்தாள். ரிசல்ட் வந்த அன்றைக்கே வைகுண்டராஜ் போன் போட்டான். "அக்கா, நீ ஒண்ணும் யோசிக்காத. எம்மருமவ இனிமே எம்பொறுப்பு. இங்க பெரிய காலேஜா பாத்து பி.காம் சேத்து விடுதேன். நம்ம வீட்லயே தங்கிப் படிக்கட்டும்" என்றான். மாரிச்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் திரி மாட்டும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் மொத்த ஷெட்டுக்கும் சொன்னாள். சாயங்காலம் கம்பெனி வேன் டிரைவர் கேட்காமலேயே அவனிடமும் சொன்னாள். "எம்மவ பெங்களூர்ல படிக்கப் போறா. தாய்மாமன் கேரவன்ல வந்து கூட்டிட்டுப் போறான், தெரியும்லா?"

அவள் புருஷன் மாரிசாமி ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருக்கிறார். வாயை அதிகம் திறக்காத மனுஷன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "திங்கக்கெழம இங்க கவருமெண்டு காலேஜுல கவுன்சிலிங்கு இருக்கு. அதுக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வரட்டுமே. பொறவு அனுப்புனாப் போச்சு."

"ஒங்களுக்கு மில்லு கேட்டத் தாண்டி ஒண்ணுந் தெரியாது. சும்மா இருங்க" என்றாள் மாரிச்செல்வி. அவரும் சும்மா இருந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் மகள் தலையில் கையை வைத்து, "நல்லாப் படி தாயி" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஏற்பாடு இதுதான். சாயங்காலம் எல்லாரும் கேரவனில் கான்சாபுரம் போவது. அக்காள் தம்பி இருவருக்கும் அதுதான் பிறந்த ஊர். அங்கே காளியம்மன் கோயில் வைகாசிப் பொங்கல். எட்டு மணிக்கு வாணவேடிக்கை. அதைப் பார்த்துவிட்டு வண்டி அப்படியே கொடைக்கானல், ஊட்டி என்று ஒன்பது நாள் சுற்றிக்கொண்டு பெங்களூர் போகும். சிவரஞ்சனி வண்டியோடு போவாள். மாரிச்செல்வி பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். திங்கட்கிழமைக் கவுன்சிலிங் போனால் போகட்டும். பெங்களூரே கையில் இருக்கும்போது அது எதற்கு?

வண்டிக்குள் ஏறும்போதே மாரிச்செல்வி எண்ணினாள். அது கம்பெனிப் பழக்கம். வெடிமருந்து புழங்குகிற ரூமுக்கு நாலு பக்கமும் கதவு, உள்ளே நாலே ஆள். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டு, உள்ளே எத்தனை தலை என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். ஐந்தாவதாக ஒருத்தி தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாலும் ஆண்டிச்சாமி கையைப் பிடித்து வெளியே விடுவார். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நாலு பேரும் நாலு கதவு வழியாக ஓடலாம், ஐந்தாவது ஆளுக்குக் கதவு கிடையாது என்பார். அந்தப் பழக்கம் மாரிச்செல்விக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாண மண்டபமானாலும் டாக்டர் ரூமானாலும் கதவையும் தலையையும் எண்ணிவிட்டுத்தான் உட்காருவாள்.

கேரவனுக்கு ஒரே கதவு. தலைகள் எட்டு. வைகுண்டராஜ், அவன் பெண்டாட்டி யோகேஸ்வரி, யோகேஸ்வரியின் அம்மா ஜெயபாய், ரெண்டு வயது இரட்டைப் பையன்கள், டிரைவர், பிறகு தாயும் மகளும். எட்டுப் பேருக்கு ஒரு கதவு, உருப்பட்ட மாதிரிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"பாத்தியாக்கா? ஏ.சி. இருக்கு, சோலார் இருக்கு. நாலு பேரு ராஜா மாதிரி தூங்கலாம்" என்றான் வைகுண்டராஜ். அரை டிரவுசர், தலையில் தொப்பி, கூரைக்கு அடியிலும் கறுப்புக் கண்ணாடி.

"அந்தக் கதவு என்னதுலே?"

"பாத்ரூம். ஆனா யாரும் போகக் கூடாது. டேங்க் நெறஞ்சா கிளீன் பண்றது பெரிய தொல்லை. பெட்ரோல் பங்க்ல நிப்பாட்டுவோம்ல, அங்க போய்க்கலாம்."

மாரிச்செல்வி தலையை ஆட்டினாள். போகக் கூடாத கக்கூஸை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிகிறவனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அதுவும் யார்? பத்து வயதில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு ஓடிய பயல். அதோடு போயிற்றா? அடுப்பு இருந்தது, பற்ற வைத்தால் புகை மணி அலறுமாம், அதனால் சாப்பாடு ஓட்டலில். டிவி இருந்தது; வண்டி ஓடும்போது படம் தெரியாதாம். ஜன்னல் இருந்தது, திறந்தால் ஏ.சி. வீணாகுமாம். இருக்கிற எதையும் தொடக் கூடாது என்பதற்காகவே ஒரு வீட்டைக் கட்டி அதற்குச் சக்கரம் மாட்டியிருக்கிறார்கள்.

வண்டி ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் திரும்புவதற்குள் ரெண்டு மினி பஸ்காரர்கள் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். வைகுண்டராஜ் அதையும் செல்போனில் படம் பிடித்து, "லோக்கல் ஃபிளேவர்" என்றான். பஸ்ஸில் அரை மணியில் போய்ச் சேருகிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அதற்குள் சிவரஞ்சனியின் இடுப்பில் ஒரு பையன் ஏறிவிட்டான். இன்னொருவன் அவள் முந்தானையை, அதாவது சுடிதார் துப்பட்டாவை, சப்பிக்கொண்டிருந்தான். ஜெயபாய் நாகர்கோவில்காரி. வாயைத் திறந்தால் வெல்லம். "மக்களே, அந்த பிளாஸ்க்க எடு. மக்களே, இவன் மூக்கத் தொடச்சு விடு. மக்களே, இந்தத் திரைய கொஞ்சம் இழுத்து விடு." ஒவ்வொரு மக்களேவுக்கும் பின்னால் ஒரு வேலை தொங்கிக்கொண்டு வந்தது. யோகேஸ்வரி அது கூடச் சொல்லவில்லை. செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவாள். சிவரஞ்சனி அந்தக் கையில் என்ன வைக்க வேண்டும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

மாரிச்செல்வி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால் என்ன சொல்வாள்? பிள்ளை சூட்டிகை, பெரிய இடத்தில் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறாள் என்பாள். தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் படிக்க வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்க் எடுத்துக் கொடுத்தால் கை தேய்ந்தா போய்விடும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினார்கள். சூடு ஆறாமல் இலையில் வைத்துத் தின்ன வேண்டிய பண்டத்தை யோகேஸ்வரி ரெண்டு கிலோ வாங்கி அப்படியே பிரிட்ஜுக்குள் தள்ளினாள். அங்கே ஏற்கெனவே இருந்த குளிர்பானங்களை இறக்கி, பால்கோவாவுக்காக ஒரு தட்டு முழுசாகக் காலி செய்தாள். "கெட்டுப் போகும்ல மதினி" என்றாள். காலையிலிருந்து அவள் மாரிச்செல்வியை மதினி என்று கூப்பிட்டது அப்போதுதான். கூப்பிட்ட கையோடு பால்கோவாப் பெட்டியின் பிசுக்கைத் துடைக்க ஒரு துணியையும் நீட்டினாள். மாரிச்செல்வி துடைத்தாள். வாயைத்தான் தைத்தாகிவிட்டதே.

கான்சாபுரம் போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருந்தது. ஊரே கண்மாய்க் கரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. டிராக்டர் மேல் ஒரு குடும்பம், மாட்டுவண்டி மேல் ஒரு குடும்பம், மற்றவர்கள் துண்டை விரித்துத் தரையில். கரைக்குக் கீழே புல் முளைத்த பொட்டலில் கேரவனை நிறுத்தச் சொன்னான் வைகுண்டராஜ். விழாக் கமிட்டியில் இருக்கும் இசக்கிமுத்து ஓட்டமாக ஓடி வந்தார்.

"ஏலே ராசு, அங்க நிப்பாட்டாத. காத்து இந்தப் பக்கந்தான் அடிக்கி. எரிஞ்ச குழலு அம்புட்டும் இங்கனதான் வந்து விழும்."

"இங்கதாண்ணே வியூ நல்லாருக்கு" என்றான் வைகுண்டராஜ்.

"வியூவா?" என்று கேட்டுவிட்டு இசக்கிமுத்து மாரிச்செல்வியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

வைகுண்டராஜ் வண்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். துணிப் பந்தல் ஒன்று தானாக விரிந்து நீண்டது. அதன் கீழே முளைத்துக் கிடந்த அறுகம்புல்லின் மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்தான். அதன் மேல் மடக்கு நாற்காலிகள் மூன்று. ஒன்று அவனுக்கு, ஒன்று யோகேஸ்வரிக்கு, ஒன்று மாமியாருக்கு. மாரிச்செல்வி பிளாஸ்டிக் புல்லைத் தாண்டி நிஜப் புல்லில் உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்கு அதிர்வேட்டுப் போட்டார்கள். தரை குலுங்கியது. நாலு ஊருக்குக் கேட்கும் வேட்டு அது. பிறகு ஃபேன்சி ரகங்கள் ஏறின. பச்சை, சிவப்பு, தங்க மழை. கரையில் பிள்ளைகள் கூப்பாடு போட்டார்கள். ஜெயபாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "சோ பியூட்டிஃபுல்" என்றாள் யோகேஸ்வரி, செல்போன் திரையைப் பார்த்தபடியே. வைகுண்டராஜ் வானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் மூஞ்சி தெரிகிற மாதிரி படம் பிடித்துக்கொண்டிருந்தான். "கைஸ், இது என்னோட நேட்டிவ் பிளேஸ்" என்று அங்கே இல்லாத யாரிடமோ சொன்னான்.

இதை எல்லாம் பார்க்க மாரிச்செல்விக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தங்க மழை எங்கே செய்தது, எந்த மாசம் செய்தது என்று அவளுக்குத் தெரியும். பெட்டிக்கு இத்தனை திரி என்று மாட்டி மாட்டி விரல் நுனி கறுத்தவள் அவள். இந்த ரகத்தில் நாற்பது வெடியில் ஒன்று ரெண்டு புஸ்ஸென்று போகும், அது எது என்றுகூடச் சொல்லிவிடுவாள். இதை மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. பிள்ளை போய்விட்டால் இனி தீபாவளிக்குத்தான் பார்க்க முடியும். "ஏட்டி சிவா, இங்க வந்து பாரு, இது நாங்க போட்டது" என்று திரும்பினாள்.

சிவரஞ்சனி வெளியே இல்லை. அவளுக்கு நாற்காலியும் போட்டிருக்கவில்லை, அவளை யாரும் தேடவும் இல்லை.

மாரிச்செல்வி எழுந்து வண்டிக்குள் போனாள்.

உள்ளே ஊதா விளக்கு எரிந்தது. பகலில் சோபாவாக இருந்தவை எல்லாம் இப்போது கட்டில்களாகியிருந்தன. வலை கட்டிய கட்டிலில் இரட்டைப் பையன்கள் மிரண்டுபோய்ப் படுத்திருந்தார்கள். சிவரஞ்சனி தரையில் முட்டி போட்டு, வலைக்குள் ரெண்டு கையையும் விட்டு, வலது கையால் ஒருவன் காதையும் இடது கையால் மற்றவன் காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு காது மிச்சம் இருந்ததால் அதைத் தலையணையில் அழுத்தி வைத்திருந்தாள். வெளியே வெடிக்கும்போதெல்லாம் அவள் தோள்தான் துள்ளியது. அவள் காதைப் பொத்த யாரும் இல்லை.

மாரிச்செல்வி வழக்கம்போல எண்ண ஆரம்பித்தாள். கதவு ஒன்று. தலை மூன்று. பிறகு கண் கட்டிலுக்குப் போனது. பின்னால் பெரிய கட்டில், அது புருஷன் பெண்டாட்டிக்கு, ரெண்டு ஆள். இழுத்துப் போட்ட சோபா, அதில் ஜெயபாயின் நைட்டி கிடந்தது, மூன்று. வலைக் கட்டில், ரெண்டு பொடிசும் சேர்த்து ஒரு ஆள் கணக்கு, நாலு. டிரைவர் தன் சீட்டைச் சாய்த்துப் போட்டு அதில் ஒரு துண்டும் விரித்து வைத்திருந்தான். படுக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் யாரும் சொல்லித் தரவில்லை. கக்கூஸ் கதவுக்கு முன்னால் தரையில் ரப்பர் பாய் ஒன்று, ரெண்டடி அகலம், ரோஸ் கலர். அதன் தலைமாட்டில் சிவரஞ்சனியின் பழைய பள்ளிக்கூடப் பை.

"ஏட்டி, இது யாருக்கு?"

"எனக்குத்தாம்மா" என்றாள் சிவரஞ்சனி, திரும்பாமல்.

"ஒம்போது நாளும் இதுலயா படுப்ப?"

அவள் பதில் சொல்வதற்குள் யோகேஸ்வரி பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாரிச்செல்வி பாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் சிரித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாத சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம்.

"அவளுக்கு அங்கதான் மதினி வசதி. இவனுங்க ராத்திரில ரெண்டு தடவ எந்திரிப்பானுங்க. பக்கத்துலயே படுத்தா பால் கலக்கிக் குடுக்க ஈஸி."

"வீட்டுல?"

"வீட்லயும் இவனுங்க ரூம்லதான். அங்க பெரிய பாய் இருக்கு."

"காலேஜுக்குப் போனா பகல்ல இவங்கள யாரு பாப்பா?"

யோகேஸ்வரி புட்டியைக் குலுக்குவதை நிறுத்தினாள். "காலேஜா? இப்ப வச்சிருந்த ஆயா நின்னுட்டா மதினி. இவனுங்க ஸ்கூல் போற வரைக்கும் ஒரு ரெண்டு மூணு வருஷம், வீட்லருந்தே படிக்கிற மாதிரி கரஸ்ல போட்டுக்கலாம்னு பேசுனோமே. அவர் ஒங்ககிட்ட சொல்லலையா?"

மாரிச்செல்வி வண்டியை விட்டு இறங்கினாள். தைத்துப் போட்டிருந்த வாய் ஒரே இழுப்பில் பிரிந்தது.

"ஏலே வைகுண்டம்! அந்தப் போன அமத்து."

"அக்கா, லைவ் போய்க்கிட்டிருக்கு."

"லைவ்லயே கேட்டுத் தொலை. எம்மவள எந்தக் காலேஜுல சேக்கப் போற? பேரச் சொல்லு."

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். இருட்டில் அதை எதற்குப் போட்டிருந்தான் என்பது வேறு கதை. "இல்லக்கா, டைம் பாத்து சொல்லலாம்னு இருந்தேன். படிப்பு எங்க போகப் போவுது? மொதல்ல செட்டாகட்டும். அவளுக்கும் ஒரு எக்ஸ்போஷர் கெடைக்கும்."

"கக்கூஸ் வாசல்ல படுக்குறதுக்குப் பேரு எக்ஸ்போஷரா?"

"மாமன் வீட்டுல புள்ளையப் பாத்துக்கிட்டா கொறஞ்சா போயிடும்? நம்ம குடும்பந்தானக்கா? ஊரு பாக்குது, ஏன் சீன் போடுத?"

"ஊரு பாக்கட்டும். அதுக்குத்தான வியூ பாத்து நிப்பாட்டிருக்க?" கரையில் பாதிப் பேர் இப்போது வானத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். "வேலைக்குப் பயந்தவளாலே நானு? ஆயா வேணும்னா ஆயா வேணும்னு கேட்டிருக்கணும். முடியும் முடியாதுன்னு நான் சொல்லிட்டுப் போறேன். காலேஜுன்னு சொல்லி பால் கலக்கக் கூட்டிட்டுப் போறியே, இது என்ன பொழப்பு? ஒனக்கு வண்டிக்குள்ள வீடு இருக்கு. ஒன் டிரைவருக்குச் சாய எடம் இருக்கு. பால்கோவாவுக்குப் பிரிட்ஜுல ஒரு தட்டு காலி பண்ணிக் குடுத்தா ஒம்பொண்டாட்டி. ஐந்நூத்தி அறுபத்தொண்ணு வாங்குன எம்பிள்ளைக்கு மட்டும் ரெண்டடி ரப்பர் பாயி!"

"பதட்டப்படாதீங்க மக்களே" என்றாள் ஜெயபாய் நாற்காலியிலிருந்து.

"நீங்க சும்மா இருங்கம்மா. ஒங்க பிளாஸ்க்க எடுக்க இனி ஆளில்ல."

அந்த நேரம் பார்த்துப் புகையும் அட்டைக் குழல் ஒன்று மேலேயிருந்து வந்து துணிப் பந்தலில் விழுந்தது. நெருப்பு இல்லை, வெறும் கங்குதான். ஆனால் துணி நைலான். ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை உருகி, அதன் வழியாக வானம் தெரிந்தது. "ஐயோ, வாடகை வண்டி!" என்று அலறிக்கொண்டு வைகுண்டராஜ் ஓடினான். காலையில் தெருமுக்கில் குடத்தோடு நின்றவர்களிடம் சொந்த வண்டி என்று சொன்னவன். அக்காள் அத்தனை பேச்சுப் பேசியும் அசையாத உடம்பு, ஒரு துணிக்காக எப்படித் துள்ளுகிறது என்று மாரிச்செல்வி நின்று பார்த்தாள். இப்படி ஒரு பயலை நம்பி மகளை ஏற்றிவிட வந்தோமே என்று அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கதவுக்குப் போய் உள்ளே கையை நீட்டினாள். "எங்க கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு ஆளு. அஞ்சாவது ஆளு நின்னா போர்மேன் கையப் பிடிச்சு வெளிய விடுவாரு. நீ அஞ்சாவது ஆளு. எறங்குட்டி."

"இரும்மா. இந்த வேட்டு முடியட்டும்" என்றாள் சிவரஞ்சனி.

கடைசி அதிர்வேட்டு அடங்கும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளின் காதிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. பிறகு ஒருவனைத் தூக்கி யோகேஸ்வரி கையில் கொடுத்தாள். மற்றவனுக்கு வலையை இழுத்துக் கட்டினாள். பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். வைகுண்டராஜ் ஓட்டைக்குக் கீழே நின்று செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, கோவத்துல முடிவெடுக்காத" என்று அண்ணாந்தபடியே சொன்னான்.

திருவிழாவுக்காக விட்ட ஸ்பெஷல் பஸ் மெயின் ரோட்டில் நின்றது. கண்மாய்க் கரை வழியாக நடக்கும்போது இசக்கிமுத்து டார்ச் அடித்து வழி காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

செத்த நேரம் மாரிச்செல்வி தம்பியைத் திட்டிக்கொண்டே நடந்தாள். தொப்பியைத் திட்டினாள், டிரவுசரைத் திட்டினாள், பிளாஸ்டிக் புல்லைத் திட்டினாள். ரோட்டை எட்டும்போதுதான் சிவரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"எனக்கு மத்தியானமே தெரியும்மா. நீ குளிக்கப் போனப்ப அந்த ஆச்சிதான் பாயக் காட்டி, இதுல படுத்துக்க, புள்ளைக எந்திரிச்சா பாத்துக்கன்னு சொன்னாவ. காலேஜப் பத்திக் கேட்டேன். அதெல்லாம் அப்புறம்னாவ."

மாரிச்செல்வி நின்றுவிட்டாள். "ஏட்டி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? நீதான் கம்பெனி பூரா சொல்லிட்டியே. வேன் டிரைவர்கிட்டகூடச் சொல்லிட்ட. நான் வரலன்னா ஒனக்கு அசிங்கமாப் போயிருமேன்னு இருந்தேன். ரெண்டு மூணு வருஷந்தானன்னு நெனச்சேன்."

மகளை அந்த ரெண்டடிப் பாயில் படுக்க வைத்தது தம்பி மட்டும் இல்லை. அவளே தன் வாயால் விரித்த பாய் அது. மாரிசாமி சொன்ன ஒரே ஒரு நல்ல வார்த்தையையும் அவள்தான் மில் கேட்டோடு நிறுத்தினாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. மகள் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"திங்கக்கெழம கவுன்சிலிங்கு எத்தன மணிக்கு?"

"ஒம்பதரைக்கு."

"நானும் வாரேன். லீவு போட்டுருதேன்."

பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. கண்டக்டர் முன்னால் கையைக் காட்டினார். "ரெண்டு பேரா? அந்தா இருக்கு பாருங்க, ஜன்னல் ஓரம், உள்ள போங்க." சிவரஞ்சனி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மாரிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏறும்போது கதவை எண்ண மறந்துவிட்டாள் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. பார்த்தாள். ரெண்டு.

ஜன்னல் வழியாகத் தூரத்தில் கேரவன் தெரிந்தது. உள்ளே ஊதா விளக்கு, வெளியே ஓட்டைப் பந்தல், ரெண்டு பிள்ளைகளும் சேர்ந்து போடும் கத்தல் ரோடு வரைக்கும் கேட்டது.

"கம்பெனில கேப்பாங்களேம்மா" என்றாள் சிவரஞ்சனி. "பெங்களூரு என்னாச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

மாரிச்செல்வி யோசிக்கவே இல்லை.

"கேரவனெல்லாம் வந்துச்சு, எம்மவளுக்குப் படுக்கத்தான் எடமில்லன்னு சொல்லுவேன்."